ஜொராஸ்டிரிய அரக்கர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பார்சிகளுக்கு இரண்டு கடவுள்கள். ஒருவர் ஒளி, இன்னொருவர் இருள். இருவருக்கும் ஓயாத சண்டை." பார்சிகள் பின்பற்றும் ஜொராஸ்டிரிய மதத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கடவுள்கள் என்பதும் சரியில்லை, ஓயாத சண்டை என்பதும் சரியில்லை. தேவாசுரப் போர், சாத்தானின் வீழ்ச்சி, நன்மையும் தீமையும் நாணயத்தின் இரண்டு பக்கம் என்கிற பேச்சு, இவையெல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகள். அவற்றைத் தூக்கி ஈரானியர்களின் பழைய மதத்தின் மேல் போர்த்திவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் இந்த சமபலம் விவகாரம். 9ஆம் நூற்றாண்டில் பஹ்லவி என்ற நடுக்காலப் பாரசீக மொழியில் உருப்பெற்ற பூந்தஹிஷ்ன் என்ற நூல் படைப்புக் கதையைச் சொல்கிறது. மேலே ஒளியில் ஓர்மஸ்த், கீழே இருளில் அஹ்ரிமன். (இந்த மதத்தின் பழைய வேதமான அவெஸ்தாவின் மொழியில் இவர்களே அஹுரா மஸ்டா, அங்ரா மைன்யு.) ஓர்மஸ்துக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். அஹ்ரிமனுக்கோ நடந்து முடிந்த பிறகுதான் புத்தி வரும். எதிரி தாக்கப் போகிறான் என்று தெரிந்த ஓர்மஸ்த் முதலில் சமாதானம் பேசுகிறார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் 9,000 ஆண்டுகள் மட்டும் மோதுவோம் என்று காலக்கெடு வைக்கிறார். முடிவு தெரியாத அஹ்ரிமன் சரி என்று தலையாட்டிவிடுகிறான். கெடு வைத்த அந்தக் கணத்திலேயே அவன் தோற்றாகிவிட்டது. அப்புறம் ஓர்மஸ்த் 21 சொற்கள் கொண்ட அஹுனவர் மந்திரத்தைச் சொல்ல, அவன் மயங்கிச் சாய்ந்து 3,000 ஆண்டுகள் கிடக்கிறான்.

எழுந்த பிறகு வானத்தைத் துளைத்துக்கொண்டு உலகத்துக்குள் புகுகிறான். நீர் உப்புக் கரிக்கிறது, செடிகள் வாடுகின்றன, நெருப்பில் புகை கலக்கிறது, ஆதிப் பசுவும் கயோமர்த் என்ற முதல் மனிதனும் சாகிறார்கள். இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது பாதிக் கதைதான். செத்த பசுவின் உடலிலிருந்து 55 வகைத் தானியங்களும் 12 வகை மூலிகைகளும் முளைக்கின்றன. கயோமர்தின் விந்து மண்ணில் விழுந்து, 40 ஆண்டுகள் கழித்து ஒரு செடியாக எழும்பி, அதிலிருந்து முதல் ஆணும் பெண்ணும் வருகிறார்கள். உள்ளே புகுந்த அஹ்ரிமனுக்கோ வெளியே போக வழி அடைபட்டுவிட்டது. நாம் வாழும் இந்த உலகமே அவனைப் பிடிக்க வைத்த பொறி என்பதுதான் பூந்தஹிஷ்னின் பார்வை. மொத்த நாடகத்துக்கும் 12,000 ஆண்டுகள், அதன் முடிவில் தீமை இல்லாமல் போகும். தீமை இருந்தால்தான் நன்மைக்கு மதிப்பு என்கிற தத்துவத்துக்கு இங்கே இடமே கிடையாது. அஹ்ரிமன்மேல் இந்த நூல்களுக்கு உள்ள வெறுப்பு எவ்வளவு என்றால், பஹ்லவி ஏடுகளைப் படியெடுத்தவர்கள் அவன் பெயரைப் பல இடங்களில் தலைகீழாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அஹ்ரிமனை "பார்சிகளின் சாத்தான்" என்று எழுதுவது அடுத்த தவறு. சாத்தான் கடவுள் படைத்த தூதன், கர்வத்தால் விழுந்தவன் என்பது கிறிஸ்தவ மரபு. பஹ்லவி நூல்களின் அஹ்ரிமன் எங்கிருந்தும் விழவில்லை. அவனை யாரும் படைக்கவும் இல்லை. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். நோய், வறட்சி, குழந்தையின் சாவு எதுவும் கடவுள் வைத்த சோதனை அல்ல, கர்ம பலனும் அல்ல. வெளியிலிருந்து வந்தவன் செய்த நாசம், அவ்வளவுதான். கடவுள் நல்லவர் என்றால் துன்பம் ஏன் என்ற கேள்விக்கு இந்த மதத்தின் விடை மற்றவர்களைவிடச் சிக்கனமானது. அதற்கு விலையாக, கடவுளின் சர்வ வல்லமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த விலையைத்தான் பாதிரியார்கள் பிடித்துக்கொண்டார்கள். பம்பாயில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் 1843-ல் வெளியிட்ட நூலில் பார்சிகளின் இருமைக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். 1860-களில் புனேயில் சமஸ்கிருதம் கற்பித்த ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹாக் வேறு விளக்கம் தந்தார். மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர் பாடியவையாகக் கருதப்படும் 17 காதா பாடல்களில் வரும் இரட்டை ஆவிகள் இரண்டுமே அஹுரா மஸ்டாவுக்கு உட்பட்டவை, அவருக்கு எதிரி என்று யாரும் இல்லை என்றார். படித்த பார்சிகள் பலர் இதை உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். அதனால் இன்றைய மும்பையில் ஒரு பார்சியைக் கேட்டால் ஒரு பதிலும், பஹ்லவி நூலைப் புரட்டினால் இன்னொரு பதிலும் கிடைக்கலாம். இரண்டில் ஒன்று பொய் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். எந்தக் காலத்து நம்பிக்கையைச் சொல்கிறோம் என்று குறிப்பிட்டால் போதும்.

சுர்வான் கதையிலும் இதே கவனம் வேண்டும். காலம் என்ற சுர்வான் மகன் வேண்டி 1,000 ஆண்டுகள் யாகம் செய்கிறான். நடுவில் ஒரு சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. யாகத்தின் பயனாக ஓர்மஸ்தும் சந்தேகத்தின் பயனாக அஹ்ரிமனும் கருவாகிறார்கள். முதலில் வருபவனுக்கே ஆட்சி என்று தெரிந்ததும் அஹ்ரிமன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு முந்தி வருகிறான். அருமையான கதை, அதனால்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் இதை நமக்கு விரிவாகச் சொல்பவர்களில் ஒருவர் 5ஆம் நூற்றாண்டு ஆர்மீனியக் கிறிஸ்தவரான எஸ்னிக். அவர் எழுதியது இந்த மதத்தை மறுப்பதற்காக. இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சசானியர் காலத்தில் இப்படியொரு போக்கு இருந்தது என்று எழுதலாம், ஜொராஸ்டிரியர்களின் படைப்புக் கதையே இதுதான் என்று எழுதக் கூடாது.

இனி, நம் வாசகர்களுக்கு மிகவும் பிடித்த விஷயம்: "நம் தேவர்கள் அவர்களுக்கு அரக்கர்கள், நம் அசுரர்கள் அவர்களுக்குக் கடவுள்கள். ஒரே கூட்டம் சண்டை போட்டுப் பிரிந்தது." இதில் உண்மை கொஞ்சம் இருப்பதுதான் ஆபத்து. அவெஸ்தாவின் வெந்திதாத் பகுதியில் இந்திரன் அரக்கன்தான். சர்வனும் நாசத்தியரும் (அசுவினி தேவர்கள்) அதே பட்டியலில் நிற்கிறார்கள். ஆனால் மித்திரன் அங்கேயும் வணக்கத்துக்குரியவன். சோமம் ஹவோமாவாக இன்றும் சடங்கில் இருக்கிறது. யமன் யிமா என்ற பொற்கால அரசனாகிறான். வேடிக்கை என்னவென்றால், விருத்திரஹன் என்பது வேதத்தில் இந்திரனின் பட்டம். இந்திரனை அரக்கனாக்கிய அதே அவெஸ்தாவில் அந்தப் பட்டத்துக்குரிய வெரெத்ரக்னா வெற்றியின் தெய்வம். அவன் பெயரின் பிற்கால வடிவமான பெஹ்ராமைத் தாங்கிய ஆதஷ் பெஹ்ராம் என்பதுதான் மிக உயர்ந்த தரத்து அக்கினி ஆலயம். இந்தியாவில் அப்படி 8 இருக்கின்றன. மறுபக்கம் ரிக்வேதத்தின் பழைய பாடல்களில் வருணனும் அக்கினியும், ஏன் இந்திரனுமேகூட, அசுரன் என்று மரியாதையாகவே அழைக்கப்படுகிறார்கள். கண்ணாடியில் இடவலம் மாறுவதுபோல எல்லாம் ஒழுங்காகத் தலைகீழாகிவிடவில்லை.

காதா பாடல்களில் தேவர்கள் கொம்பு முளைத்த பூதங்களும் அல்ல. மக்கள் வழிபட்டுவந்த தெய்வங்கள் அவர்கள். கூடி ஆலோசித்தபோது மதிமயங்கி, தீய எண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, கோபத்தின் பக்கம் ஓடிப்போனார்கள் என்று காதாக்களில் ஒன்றான யஸ்னா 30 சொல்கிறது. பிறவியால் கெட்டவர்கள் என்று அந்தப் பாடல் சொல்லவில்லை, தேர்வில் பிசகியவர்கள் என்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கை. 1935-ல் பெர்செபோலிஸில் கிடைத்த கல்வெட்டில், தேவர்களை வணங்கிய ஓர் இடத்தை இடித்ததாக மன்னர் செர்க்சஸ் சொல்கிறார். எந்த நாடு என்று பெயர் சொல்லவில்லை. பாபிலோன் என்றும் ஏதென்ஸ் என்றும் உறுதியாக எழுதுபவர்கள் ஊகத்தைச் செய்தியாக்குகிறார்கள்.

கொம்பு, வால், புள்ளி போட்ட உடம்பு எல்லாம் ஷாநாமா என்ற பாரசீகக் காவியத்துக்கு வரைந்த ஓவியங்களின் கைவண்ணம். மாசந்தரானில் ருஸ்தம் கொல்லும் வெள்ளை பூதமும் அந்தக் காவியத்தைச் சேர்ந்தது. அவெஸ்தாவின் அரக்கர்களில் பலர் அன்றாடம் நம்மோடு புழங்குபவர்கள். புஷ்யாஸ்தா என்பவள் சோம்பலின் அரக்கி. நீண்ட கைகளோடு விடியற்காலையில் வந்து, "இன்னும் நேரமாகவில்லை, தூங்குங்கள்" என்று உலகத்தையே தாலாட்டுவாள். அவளுக்கு எதிராகக் குரல் கொடுப்பது சேவல். அதனால் சேவலுக்கு அங்கே தனி மரியாதை. அபவோஷா வறட்சி. முடி உதிர்ந்த கறுப்புக் குதிரையாக வந்து கடற்கரையில் நிற்கிறான். மழை நட்சத்திரமான திஷ்த்ரியா வெள்ளைக் குதிரையாக வந்து மோதுகிறான், முதல் சுற்றில் தோற்றும் போகிறான். ஏன் என்றால் மக்கள் அவன் பெயர் சொல்லிப் படையல் வைக்கவில்லை. படையல் கிடைத்ததும் 10 குதிரை, 10 ஒட்டகம், 10 காளை, 10 மலை, 10 ஆறு ஆகியவற்றின் பலம் அவனுக்கு வந்து சேர்கிறது. அதன் பிறகுதான் மழை. மனிதர் ஒத்துழைக்காவிட்டால் தெய்வமே பின்வாங்கும் போர் இது. மனிதரை வெறும் பார்வையாளர்களாகக் காட்டும் கட்டுரைகள் இந்தப் பகுதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கூட்டத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவள் நசு, பிணத்தின் அரக்கி. உயிர் பிரிந்ததும் ஈ வடிவில், முட்டியும் பின்புறமும் துருத்திக்கொண்டு, ரீங்காரமிட்டபடி வடக்கிலிருந்து பறந்து வருவாள். இறந்தவர் அருகே நாயைக் கொண்டுவந்து பார்க்கவைக்கும் சக்தித் சடங்கு அவளை விரட்டத்தான். கண்களுக்கு மேல் இரண்டு புள்ளிகள் உள்ள "நான்கு கண்" நாய் இதற்கு விசேஷம். நெருப்பையும் மண்ணையும் நீரையும் பிணம் தொடக் கூடாது என்பதால்தான், பிணத்தைக் கழுகுகளுக்கு வைக்கும் மௌன கோபுரங்கள்.

இதைத் தீட்டு என்ற நம் சொல்லால் குறிப்பதில் தவறில்லை, சாதித் தீட்டாக நினைத்துவிட்டால்தான் கோளாறு. வெந்திதாதின் கணக்கே எதிர்த் திசையில் போகிறது. வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் பூசாரி ஒருவர் இறந்தால் தீட்டு 10 பேரைப் பற்றும். போர்வீரன் என்றால் 9, உழவன் என்றால் 8. மதத்தைக் கெடுக்கும் பாதகன் செத்தால்? செத்து ஓராண்டு காய்ந்த தவளை அளவுக்குத்தான் தீட்டு, அதாவது ஒன்றுமே இல்லை. அவன் உயிரோடு இருந்தபோதுதான் மற்றவர்களுக்குக் கேடு என்று நூல் சொல்கிறது. நல்லவரின் சாவு தீமைக்குக் கிடைத்த பெரிய வெற்றி, அதனால் அங்கே நசுவின் பலமும் அதிகம். பிணத்தின் அசுத்தத்தை இறந்தவரின் பாவமாக எழுதினால் பொருள் அப்படியே புரண்டுவிடும்.

உடல் கெட்டது, ஆன்மா நல்லது என்ற சூத்திரமும் இங்கே செல்லாது. அது மானி என்பவர் நிறுவிய வேறொரு மதம். ஜொராஸ்டிரியத்தில் உடல், மண், கால்நடை எல்லாமே ஓர்மஸ்தின் படைப்பு. வெந்திதாத் பிரம்மச்சாரியைவிட மனைவியுள்ளவனை உயர்த்திப் பேசுகிறது, பட்டினி கிடப்பவனைவிட வயிறாரச் சாப்பிட்டவனிடம் நல்ல மனம் அதிகம் தங்கும் என்கிறது. அஹ்ரிமனுக்குச் சொந்தமாகப் பருவுடல் இல்லை, மனிதருக்குள் குடியேறித்தான் பிழைக்கிறான். ஒவ்வொருவரும் தம் உடலிலிருந்து அவனை வெளியேற்றினால் உலகத்தைவிட்டே போய்விடுவான் என்பது தேன்கர்த் என்ற பஹ்லவி நூலின் கருத்து. பார்சிகள் இடுப்பில் கட்டும் குஸ்தி என்ற 72 இழைப் புனிதக் கயிற்றை அவிழ்த்துக் கட்டும்போது, பிரார்த்தனையில் அஹ்ரிமனின் பெயர் வரும் இடத்தில் அதன் நுனிகளைச் சுண்டுவார்கள்.

நரகம் என்றதும் எரியும் கொப்பரையை வரையாதீர்கள். நெருப்பு புனிதம், அதைத் தண்டனைக் கருவியாக்க இந்த மரபு தயங்குகிறது. மறுவுலகப் பயணத்தைச் சொல்லும் அர்தா விராஃப் நூலின் நரகத்தில் முதலில் வருவது குளிரும் இருட்டும் நாற்றமும். குதிரைப் பிடரி மயிர்போல ஆன்மாக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஆனாலும் ஒவ்வொன்றும் "நான் மட்டும்தான் இங்கே" என்று நினைக்கிறது. மூன்று நாள் ஆவதற்குள், 9,000 ஆண்டு இன்னும் முடியவில்லையா என்று கதறுகின்றன. அதுவும் நிரந்தரமல்ல. கடைசியில் உருகிய உலோக ஆறு எல்லோர்மேலும் பாயும், நல்லவர்களுக்கு அது வெதுவெதுப்பான பால்போல இருக்கும், தீயவர்களும் சுத்தமாகி வெளியே வருவார்கள்.

பழையதை இன்றையதாக எழுதுவதையும் தவிர்க்கலாம். தவளை, பாம்பு, எறும்பு போன்றவை அஹ்ரிமனின் படைப்பு, கொன்றால் புண்ணியம் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. மாகி என்ற ஈரானியக் குருமார்கள் எறும்பையும் பாம்பையும் போட்டி போட்டுக் கொல்வதைக் கிரேக்கரான ஹெரோடோட்டஸும் குறித்துவைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு "பார்சிகள் எறும்பைக் கொல்வார்கள்" என்று நிகழ்காலத்தில் எழுதினால், கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகளை ஒரே வினைச்சொல்லில் தாண்டியவர் ஆகிவிடுவீர்கள்.