ஆர்கான் குழாயில் எலக்ட்ரான் இழக்கும் ஆற்றலை அளப்பது எப்படி?

நியூட்ரினோ என்ற மிக லேசான துகளின் நிறை 0.45 எலக்ட்ரான்வோல்ட்டுக்குள்தான் என்று 2025-இல் ஜெர்மனியின் கேட்ரின் ஆய்வு வரம்பு கட்டியது. டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலிலிருந்துதான் அங்கே அந்த நிறையைக் கணிக்கிறார்கள். ஆனால் அந்த வாயுவில் ஒரு மூலக்கூறைக் கிளர்த்தினாலே எலக்ட்ரான் ஏறக்குறைய 12.6 எலக்ட்ரான்வோல்ட் இழக்கும். இந்த இழப்பைத் தனியே அளக்காமல் நிறையைப் பற்றிப் பேசவே முடியாது. அதற்கென்றே எலக்ட்ரான் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

வேலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் இதற்கு நெருங்கிய உறவு, வாயு அணுவில் மோதி எலக்ட்ரான் இழக்கும் ஆற்றலை அளக்கும் பிராங்க்–ஹெர்ட்ஸ் கருவி. பாதரசக் குழாய்க்கு 180 டிகிரி அடுப்பு வேண்டும். கத்திரி வெயிலில் அது வேண்டாம். ஆர்கான் குழாய் அறை வெப்பத்திலேயே வேலை செய்யும்.

எல்லாத் திருகுகளையும் குறைந்த அளவில் வைத்து ஸ்விட்ச் போடுங்கள். ஃபிலமென்ட் வோல்டேஜ் குழாயோடு வந்த அட்டையில் உள்ளபடி. எலக்ட்ரானை இழுக்கும் கம்பி வலையான முதல் கிரிட்டுக்கு 1.5 வோல்ட், பிளேட்டுக்கு முன் எலக்ட்ரானைத் தடுக்கும் எதிர் வோல்டேஜுக்கு 7.5 வோல்ட். பத்து நிமிடம் சூடாகட்டும். பிறகு இரண்டாம் கிரிட்டை 1 வோல்ட் வீதம் 80 வரை ஏற்றி, பிளேட் மின்னோட்டத்தைக் குறியுங்கள். மின்னோட்டம் ஏறி இறங்கும் மேடு நெருங்கும்போது அரை வோல்ட் வீதம் போதும். மேட்டின் உச்சி தட்டையாக இருப்பதால் அவசரப்பட்டால் தவறிவிடும்.

ஆர்கான் அணுவைக் கிளர்த்த ஏறக்குறைய 11.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். ஆனாலும் முதல் மேடு 11.6 வோல்ட்டில் வராது. கேத்தோடும் கிரிட்டும் வெவ்வேறு உலோகம், அதனால் எழும் தொடு மின்னழுத்தம் எல்லா மேடுகளையும் சேர்த்து நகர்த்தும். அதனால் மேட்டு எண்ணுக்கு எதிராக வோல்டேஜை வரைந்து சாய்வை எடுங்கள். அது 11.6-ஐ ஒட்டி, சற்றே கூடுதலாக வரும். முதல் மேட்டையே விடையாக எழுதுவதுதான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போகும் இடம்.

கோடையில் ஏ.சி.க்கள் ஓடும் நேரம் லைன் வோல்டேஜ் இறங்கினால் ஃபிலமென்ட் குளிர்ந்து, பாதி வளைகோடு அப்படியே அமுங்கும். ஸ்டெபிலைசர் கட்டாயம், காலை வேளை இன்னும் நல்லது. நடுவில் கரண்ட் போனால், திரும்புமுன் இரண்டாம் கிரிட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மின்னோட்டம் மேடு பள்ளமில்லாமல் திடீரென எகிறினால் ஆர்கான் அயனியாகிறது. உடனே வோல்டேஜைக் குறைக்காவிட்டால் குழாய் போய்விடும்.

ஒரு வேறுபாட்டை ரெக்கார்டில் எழுதுங்கள். இங்கே ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் கிரிட் எலக்ட்ரானை மறுபடி முடுக்குகிறது. கேட்ரினில் அப்படி இல்லை. 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் இருமுறை மோதினால் ஏறக்குறைய 25 எலக்ட்ரான்வோல்ட் குறைந்தே வெளியே வரும்.