காற்றில் கடகடத்த சோலார் பேனல்

பலத்த காற்று வீசிய இரவு முழுவதும் கூரையில் கடகடவென்று சத்தம். காலையில் ஏறிப் பார்த்தால், இரண்டு பேனல்களுக்கு நடுவில் அவற்றை அழுத்திப் பிடித்திருந்த கிளாம்ப் விரல் பட்டாலே ஆடியது. நான் பொருத்தியபோது நட்டு நன்றாக இறுகியதாகவே கைக்குத் தெரிந்தது. கோளாறு அடியில் இருந்தது: டி வடிவ போல்ட்டின் தலை, பேனல்களைத் தாங்கும் ரெயில் என்ற உலோகச் சட்டத்தின் பள்ளத்துக்குள் முழுவதும் திரும்பாமல் ஓரத்தை மட்டும் பற்றியிருந்தது. இந்த போல்ட்டின் நுனியில் ஒரு கோடு வெட்டியிருக்கிறது. அது ரெயிலுக்குக் குறுக்கே நின்றால்தான் தலை சரியாக அமர்ந்திருக்கிறது என்று பொருள்.

தளர்த்தித் திருப்பி, டார்க் ஸ்பேனரை (குறித்த இறுக்கம் வந்ததும் ஒலி தரும் ஸ்பேனர்) கையேட்டிலுள்ள அளவுக்கு வைத்து, ‘டக்’ என்று கேட்கும் வரை இறுக்கினேன். துருப்பிடிக்காத எஃகு மரையை இயந்திரத்தால் வேகமாக முடுக்காதீர்கள். சூடேறி ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட் வரை பெயின்டால் கோடிட்டேன். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது.