நகராட்சி ஆணையராகச் சேர்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குரூப் 2 எழுதி நகராட்சி ஆணையர் பதவியை எடுத்துக்கொண்டு வருகிற இளைஞர்களில் சிலர், ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, "வேற துறைக்கு மறுபடி எழுதப் போறேன் சார்" என்று வந்து நிற்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்த வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், காலையில் உடைந்த குழாயைச் சரிசெய்து, சாயங்காலம் அதே தெருவில் குடம் நிறைவதைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு அரசு வேலையில் வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. அவர்களை ஓடவைப்பது இந்த வேலை இல்லை. தொடக்கத்தில் செய்துவிடுகிற சில தவறுகள்தான்.

முதல் தவறு, நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு வழியாக ஊரைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பது. முதல் மாதம் விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்களுக்கு மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள், யார் வருகிறார்கள், எத்தனை வண்டி ஓடுகிறது என்று பாருங்கள். அப்புறம் தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு போய் மேல்நிலைத் தொட்டியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற கடைசித் தெருக் குழாயைத் திறந்து பாருங்கள். அங்கே எஞ்சிய குளோரின், அதாவது கிருமியைக் கொல்லக் கலந்ததில் தண்ணீரில் மிச்சமிருப்பது, குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்க வேண்டும். பதிவேட்டில் மாதம் முழுக்க ஒரே எண் எழுதியிருந்தால், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். எந்த வால்வு இறுகிப்போயிருக்கிறது, எந்த வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குத்தான் தெரியும். அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுக் கேட்பதில் உங்கள் பதவிக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

அடுத்தது நானே செய்த தவறு. ஒரு கோடையில் ஒரு வார்டுக்குப் புதுக் குழாய் போட வேண்டியிருந்தது. "வேலையை ஆரம்பிங்க சார், தீர்மானத்தை அடுத்த நகர்மன்றக் கூட்டத்துல வச்சுக்கலாம்" என்றார்கள். மக்கள் குடத்தோடு நிற்கிறார்களே என்று நானும் வாய்மொழியாக உத்தரவு போட்டுவிட்டேன். அடுத்த கூட்டம் தள்ளிப்போனது, அதற்கடுத்த கூட்டத்தில் அந்தப் பொருளே வரவில்லை. ஒப்பந்தக்காரர் பில்லுக்கு நடையாய் நடந்தார், நான் மாறுதலாகி வேறு ஊருக்குப் போன பிறகு தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையாளர்களின் ஆட்சேபணை, என்னைத் தேடி வந்தது. குழாய் மண்ணுக்கடியில் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது, ஆனால் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காக எத்தனை மாதம் விளக்கம் எழுதினேன் என்று நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அவசரம் என்றால் அன்றைக்கே குறிப்பு எழுதி, மன்ற ஒப்புதலை எதிர்நோக்கித் தலைவரின் முன்அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகாத வேலைக்கு எந்தக் காரணத்துக்காகவும் பில் போடாதீர்கள். 17பி குற்றச்சாட்டு (பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை) ஒன்று நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வுப் பட்டியலில் பின்தங்கிவிடுவீர்கள்.

கவுன்சிலர்களைத் தொல்லையாக நினைப்பதும் பெரிய தவறு. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததே உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் ஊரைக் கொடுக்கத்தான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு கவுன்சிலர் போன் செய்கிறார் என்றால், அவர் வீட்டு வாசலில் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் மாறுதலில் போய்விடுவோம், அவர் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். முடியாத விஷயத்தை அன்றைக்கே, எந்த விதியால் முடியாது என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுப்பதுதான் பகையை வளர்க்கிறது.

வரி வசூலை மார்ச் மாதத்துக்குத் தள்ளி வைக்காதீர்கள். சொத்து வரி அரையாண்டுக் கணக்கு, தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இதைச் சொன்னாலே பாதிச் சுமை குறையும். பெரிய பாக்கிதாரர்களிடம் பில் கலெக்டரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்கச் சொல்லி யார் நெருக்கினாலும் சம்மதிக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் போன உயிரை எந்தப் பணமும் கொண்டுவராது. இயந்திரம் வரத் தாமதமானால் தெருவில் நாற்றம் இருக்கட்டும், திட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

துறைத் தேர்வுகளை முதல் இரண்டு வருஷத்தில் முடித்துவிடுங்கள். தகவல் உரிமை மனுவை 30 நாள் தாண்டவிடாதீர்கள், அதற்கான அபராதம் நாளுக்கு 250 ரூபாய், பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும்.

மாறுதல் ஆணை வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். எந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தணிக்கைத் தடைக்குப் பதில் போகவில்லை, எந்தப் பில்லை ஏன் நிறுத்தி வைத்தீர்கள் என்று அடுத்து வருபவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் அப்படி நாலு பக்கம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஊரின் வால்வுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கையால் வரைந்த படம் ஒன்று இருந்தது. அந்த வருஷக் கோடையை நான் அந்தப் படத்தை வைத்துத்தான் சமாளித்தேன்.