காரைக்குடி மெஸ்ஸில் நண்பர்களோடு மதியச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புவோம். டீக்கு நிற்பதையும், கடைசி ஆள் குளித்துவிட்டு வருவதையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சின்ன ஊர் மெஸ்ஸில் மதியத்துக்கு ஒரே ஒரு உலைதான். பன்னிரண்டரைக்கு இலை போட்டால், இரண்டு மணிக்கெல்லாம் நல்ல அயிட்டங்கள் காலி. நாங்கள் ஒருமுறை பிள்ளையார்பட்டி, அப்புறம் ஆத்தங்குடி என்று சுற்றிவிட்டு இரண்டே முக்காலுக்குப் போய் நின்றோம். சாதமும் ரசமும் மிச்சமிருந்தன. பாவம் பார்த்து ஆளுக்கொரு ஆம்லெட் போட்டுக் கொடுத்தார்கள்.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் எப்படியும் நடை சாத்திவிடுவார்கள். ஆத்தங்குடி வீடுகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம். உள்ளூர் மண்ணும் சிமெண்டும் கலந்து கண்ணாடி மேல் வார்த்த அந்தக் கல் பதித்த தரை, வெயில் நேரத்தில் சில்லென்று இருக்கும்.

கிழமை பார்க்காமல் போவது அடுத்தது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி மாதம் என்றால் கறி சாப்பிடுகிறவர்கள் குறைவு. அதற்கேற்ப சமையலும் குறையும். எட்டுப் பேராகப் போவதென்றால் காலையிலேயே ஒரு போன் போட்டு, "நண்டு இருக்குமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. எல்லோரும் ஒரே மேசையில்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்காதீர்கள். காலியான இடத்தில் நாலு நாலு பேராக உட்கார்ந்தால் சீக்கிரம் இலை வரும்.

பர்ஸைப் பதம் பார்ப்பது தட்டுதான். இலை விரித்து உட்கார்ந்ததும் சுக்கா, காடை, இறால், மீன் வறுவல் என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கிய தட்டு முகத்துக்கு நேரே வரும். பசியில் ஆளாளுக்கு "வைங்கண்ணே" என்பார்கள். விலையை யாரும் கேட்பதில்லை, நண்பர்கள் முன்னால் கேட்கக் கூச்சம். பில் வரும்போது சாப்பாட்டு விலையைவிடத் தொடுகறி விலை பல மடங்கு இருக்கும். "அண்ணே, சுக்கா எவ்வளவு?" என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. முதலில் இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள். போதவில்லையென்றால் தட்டு இன்னொரு சுற்று வரும்.

செட்டிநாடு என்றாலே நாக்கை எரிக்கும் காரம் என்று நினைத்து, "காரம் கம்மியா போடுங்க" என்று சொல்லாதீர்கள். குழம்பு காலையிலேயே கொதித்து இறங்கிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்? நல்ல கைப்பக்குவத்தில் மிளகாய்க்கு முன்னால் மிளகும் கல்பாசியும் மராட்டி மொக்கும்தான் தெரியும். வாசனை பிடிக்க வேண்டுமானால் குழம்பைக் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது கோழிக்குழம்பு, மீன்குழம்பு, நண்டுக்குழம்பு மூன்றையும் ஒரே சோற்றில் ஊற்றிக் குழப்புகிறவர்களைப் பார்த்தால்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி சோறு தனியாக ஒதுக்குங்கள். முதல் சோற்றிலேயே வயிற்றை நிரப்பிவிட்டு ரசம் வரும்போது இலையை மூடுகிற நண்பன் எங்கள் கூட்டத்திலும் ஒருவன் உண்டு. சோற்றில் குழி பறித்து ரசத்தை வாங்கி, அப்புறம் மோருக்கும் ஒரு பிடி மிச்சம் வையுங்கள். அவ்வளவு மசாலாவுக்குப் பிறகு காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திரும்ப வேண்டுமே.