ராத்திரி மீந்த சோறு வயித்துக்கு நல்லதுங்க

வேலூர் வெயிலுக்கு காலைல பழையசோறு, கேவுரு கூழ் குடிக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ். வெந்த சோறு நல்லா ஆறும்போது அதுல இருக்குற மாவுச்சத்துல கொஞ்சம் இறுகி, சிறுகுடல்ல ஜீரணமாகாம பெருங்குடலுக்கு போயிடும், இதத்தான் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்னு சொல்றாங்க, அங்க நல்ல பாக்டீரியா அத தின்னுட்டு ப்யூட்ரேட்னு ஒண்ணு உண்டாக்கும், பெருங்குடல் செல்லுங்களுக்கு அதுதான் மெயின் சாப்பாடே. இந்த ஸ்டார்ச் வேகவெச்சு ஆறின உருளைக்கிழங்குலயும் இருக்கு, கொண்டக்கடலைலயும் உண்டு. லேசா சூடு பண்ணாலும் முழுசா போயிடாது. ஆனா சோத்த சும்மா வெளிய போட்டு வெக்காதீங்க, நம்மூரு சூட்டுல கெட்டுடும், ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. சுகர் இருக்கா, அப்ப அளவு பாத்து சாப்பிடுங்க. பழக்கம் இல்லாதவங்க கொஞ்சமா ஆரம்பிங்க, இல்லன்னா கேஸ் புடிச்சுக்கும்.