முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம்தான் செடி: குமரி மாவட்டத்தில் வீட்டுத் தோட்டப் பராமரிப்பு

தக்கலைப் பக்கம் 5 செண்டில் வீடு கட்டிக் குடிவந்த வருஷம், மே மாதக் கடைசியில் 11 ரோஜாக் கன்று வாங்கி நட்டேன். ஜூன் பாதிக்குள் ஏழு போய்விட்டது. இலை வாடித் தொங்கியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, கொட்டுகிற மழைக்கு நடுவே நான் வேறு வாளி வாளியாக ஊற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "எடே, அதுக்குத் தாகம் இல்லடே, மூச்சு முட்டுது" என்றார். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது.

விஷயம் இதுதான். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நிற்கிற செடியும் காய்ந்த செடி மாதிரியே வாடும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, இடையில் வெயில். பழைய ஆட்கள் முதல் மழையை இடவப்பாதி என்பார்கள். இடவம் என்றால் நம் வைகாசி. ஆகவே இங்கே தோட்ட வேலை நர்சரியில் தொடங்குவதில்லை. மம்பட்டியில் தொடங்குகிறது.

படி 1: மழையில் குடை பிடித்து ஒரு சுற்று

நல்ல மழை பெய்யும் நாளில் வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். மாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே விழுகிறது, மண்ணை எங்கே அரிக்கிறது, எங்கே குளம் கட்டுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 4600 லிட்டருக்கு மேல். அத்தனையும் இரண்டு மூன்று குழாய் வழியாக உங்கள் முற்றத்தில்தான் இறங்குகிறது.

மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் எதுவும் நட வேண்டாம். மழை விட்ட பிறகு அங்கே ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. எங்கள் முற்றத்தில் தோண்டியபோது முக்கால் அடிக்குக் கீழே ஜல்லியும் சிமெண்ட் கலவையும் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. வீடு கட்டியவர்கள் மிச்சத்தைக் கொட்டி மேலே செம்மண் பரப்பிவிட்டார்கள். புது வீடு என்றால் முதல் சந்தேகம் அதன் மேலேயே இருக்கட்டும். உரம் போட்டு இது சரியாகாது, தோண்டி எடுத்தே ஆக வேண்டும்.

படி 2: வாய்க்கால்

மண் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலச் சரிவு போதும். கண்ணை நம்பாதீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபை ஒரு நாள் இரவல் வாங்கிப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் நாலு கருங்கல் போட்டால் மண் அரிக்காது. அங்கிருந்து ஒரு முழ அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து, தாழ்ந்த மூலைக்குக் கொண்டு போங்கள். அந்த மூலையில் உடைந்த செங்கலும் ஜல்லியும் நிரப்பிய கசிவுக்குழி இருந்தால், நமக்கும் கிணற்றுக்கும் நல்லது. அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி, கழிவறைக் குழியிலிருந்து இன்னும் தள்ளி எடுங்கள். தண்ணீரைப் பக்கத்து விளைக்குள் (தோட்டத்துக்குள்) திருப்பிவிடுவது நம்மூரில் மதில் தகராறுக்கு முதல் காரணம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

வாய்க்கால் ஓரத்து மேட்டில் வாழை வைக்கலாம். நம் மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல். முற்றத்தில் ஒரு மூடு நிற்கட்டுமே. ஈரம் காயாத தாழ்ந்த இடத்துக்குச் சேம்பு. மற்ற எந்தச் செடிக்கும் அங்கே வேலை இல்லை.

இன்டர்லாக் கல் பற்றியும் ஒரு வார்த்தை. முற்றம் முழுக்கப் பதித்துவிட்டு, வீட்டுக்குள் வெக்கை தாங்கவில்லை என்கிறோம். கார் நிற்கிற அளவுக்குப் பதித்தால் போதாதா? நிழலில் இருக்கும் கல்லில் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் தூவி, கால் மணி நேரம் விட்டு, முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் செடிப்பக்கம் போகக் கூடாது. கழிவறை ஆசிடை அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

படி 3: மண்

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் பெரும்பாலும் சிவந்த மண். மழை சத்தை அரித்துக்கொண்டே போவதால் புளிப்பு ஏறியிருக்கும். மே மாதம் புதுமழை விழுந்ததும் செண்டுக்கு 2 முதல் 3 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் சாணம், உரம் எல்லாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். குளச்சல், மணக்குடி மாதிரிக் கடலோரத்து மணலுக்கு இந்தச் சுண்ணாம்புக் கதை வேண்டாம். மக்கிய சாணமும் இலைமக்கும் கொடுத்தால் போதும். எந்த மண்ணானாலும் மழைக்காலத்தில் செடியின் மூடு, அதாவது அடிப்பகுதி, அரை அடி மேடாகவும், கோடையில் சுற்றிலும் தண்ணீர் நிற்கத் தடம் வெட்டியும் இருக்க வேண்டும்.

படி 4: மூடாக்கு

நம் மழையில் வெறும் மண்ணை விடக் கூடாது. துளி அடித்து மேல்மண் கரைந்து ஓடிவிடும், கோடையில் அதே மண் ஓடு மாதிரி இறுகும். சருகு, வெட்டிய புல், காய்ந்த ஓலைத்துண்டு எதுவானாலும் 3 அங்குலம் பரப்புங்கள். தென்னைக்கும் பழமரத்துக்கும் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை. நார்ப்பக்கம் மேலே வருமாறு அடுக்கிப் புதைத்தால் மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் மெல்ல விடும். ஒரே எச்சரிக்கை: தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மாங்கன்றின் மூட்டில் சருகைக் குவித்துவைத்து, பட்டை அழுகிப் போன அனுபவமும் எனக்கு உண்டு.

படி 5: மழைக்கு முன் கத்தி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை மரம் சாய்ந்தது என்று பார்த்தவர்களுக்கு இந்தப் படியை விளக்க வேண்டாம். மே மாதத்திலும் செப்டம்பரிலும் வீட்டுப் பக்கம் சாய்ந்த கொம்பு, பட்ட கொம்பு, ஒன்றோடு ஒன்று உரசும் கொம்பு மூன்றையும் எடுங்கள். காற்று நுழைந்து போக இடம் இருந்தால் மரமும் நிற்கும், இலையில் ஈரமும் சீக்கிரம் காயும். மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் கொம்பை மட்டும் நீங்களே தொடாதீர்கள்.

தென்னையில் காய்ந்த ஓலையும் கொதும்பும் (காய்ந்த பாளை உறை) எடுத்தால் போதும், பச்சை ஓலையை வெட்டாதீர்கள். உச்சி சுத்தமாகும்போதே நடுக்குருத்தை ஒட்டிய மூன்று ஓலை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் வைக்கச் சொல்லுங்கள், காண்டாமிருக வண்டு நெருங்காது. மரமேறுபவர் கிடைப்பதே அபூர்வம், வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

படி 6: பூஞ்சையும் நத்தையும்

நல்லமிளகுக் கொடிக்கு மழை தொடங்குமுன் 1 சதவீத போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளியுங்கள். 10 லிட்டருக்குக் கணக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் 5 லிட்டர் தண்ணீரில், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம் 5 லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் வாளியில். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலந்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

ஆப்பிரிக்க நத்தைக்கு, நனைந்த சாக்கின் அடியில் பப்பாளி இலையும் கோஸ் இலையும் போட்டு இரவில் வையுங்கள். காலையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம், நோய் பரப்பும் புழு அதில் இருக்கலாம். அப்படியே சிரட்டை, தொட்டித்தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒன்றரை வாரமே போதும்.

படி 7: உரம், தண்ணீர்

கொட்டுகிற மழைக்கு முன்னால் யூரியா போடுவது ஓடைக்கு உரம் போடுவது. மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாசி முதல் சித்திரை வரை காலையில், நாள்விட்டு நாள், மண் முக்கால் அடி நனைகிற அளவு ஊற்றுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்று வெயிலில் வேகும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று அதிகம் என்பதால் மண் இன்னும் சீக்கிரம் காயும். ஹோஸை எடுக்கும் முன்பு விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.