குரும்பையும் ஈர்க்குச்சியும் கொண்டு மூலக்கூறு வடிவம் காணுதல்

பதினோராம் வகுப்பில் சல்பர் டெட்ராஃபுளூரைடின் வடிவம் நான்முகி என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தவன் நான். மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன், இதில் நான்கு ஃபுளூரின், ஆகவே இரண்டும் ஒரே வடிவம் என்பது அன்றைய என் கணக்கு. அந்தப் பிழை எங்கே நேர்ந்தது என்பது, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பில் உதிர்ந்து கிடந்த குரும்பையில் சீமாற்றுக் குச்சிகளைச் செருகிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

எலுமிச்சை அளவுள்ள குரும்பை ஒன்று, ஈர்க்குச்சிகள், களிமண் உருண்டைகள், சிறு பலூன்கள், பாகைமானி ஆகியவை போதும். தெர்மகோல் உருண்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். குச்சியை இரண்டு முறை இடம் மாற்றினால் துளை அகன்று ஆடத் தொடங்கிவிடும். குரும்பையில் கோணி ஊசியால் துளையிட்டுச் செருகினால் குச்சி அசையாமல் நிற்கும்.

முதலில் எண்ணிக்கை. மைய அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களோடு (வெளிக்கூட்டில் உள்ளவை), அதனுடன் பிணைந்த ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரின், குளோரின் போன்ற ஆலசனுக்கும் ஒன்று வீதம் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ஆக்சிஜனுக்கு எதையும் கூட்ட வேண்டாம். அம்மோனியாவுக்கு ஐந்தும் மூன்றும் எட்டு, அதில் பாதி 4. சல்பர் டெட்ராஃபுளூரைடுக்கு ஆறும் நான்கும் பத்து, அதில் பாதி 5. இந்த எண் மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகளைக் குறிக்கும். அதிலிருந்து சுற்றியுள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பது தனித்த இரட்டைகள், அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகள்.

அடுத்து, குரும்பையை மைய அணுவாகவும் ஒவ்வொரு குச்சியையும் ஓர் எலக்ட்ரான் இரட்டையாகவும் கொண்டு, அத்தனை குச்சிகளையும் ஒன்றைவிட்டு ஒன்று இயன்றவரை விலகி நிற்குமாறு செருகுங்கள். இரண்டு என்றால் நேர்க்கோடு, மூன்று தள முக்கோணம், நான்கு நான்முகி, ஐந்து முக்கோண இருபிரமிடு, ஆறு எண்முகி. எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கும் என்று சொல்லும், வேதியியலாளர்கள் கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் செம்மைப்படுத்திய விலக்கக் கொள்கையின் சாரம் இவ்வளவே.

நான் இடறியது இதற்கு அடுத்த படியில். சல்பர் டெட்ராஃபுளூரைடின் ஐந்து குச்சிகளில் மூன்று நடுத்தளத்தில் 120 பாகை இடைவெளியில் நிற்கும். மற்ற இரண்டும் மேலும் கீழுமாக அச்சில் நிற்கும். பிணைப்புகளுக்கு உருண்டையும் தனித்த இரட்டைக்குப் பலூனும் பொருத்த வேண்டும். பலூனை அச்சுக் குச்சியில் கட்டினால் 90 பாகையில் மூன்று பிணைப்புகளோடு அது முட்டும். நடுத்தளத்தில் கட்டினால் இரண்டோடு மட்டுமே முட்டும். ஆகவே அதன் இடம் நடுத்தளம். இப்போது பலூனை மறந்து உருண்டைகளை மட்டும் பார்த்தால் தெரிவது சீசா வடிவம். எலக்ட்ரான் இரட்டைகளின் அமைப்புக்குத் தனித்த இரட்டையும் சேரும், வடிவத்தின் பெயருக்குச் சேராது என்ற ஒரு வரி எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. குளோரின் டிரைஃபுளூரைடில் இரண்டு பலூன்களும் நடுத்தளத்துக்கே போகும். எஞ்சுவது டி (T) வடிவம்.

கோணத்தைப் பாகைமானியால் அளந்து அப்படியே விடையாக எழுதிவிடாதீர்கள். தனித்த இரட்டை ஓர் அணுக்கருவின் பிடியில் மட்டும் இருப்பதால் அகலப் பரவிப் பிணைப்புகளை நெருக்குகிறது, மீத்தேனின் 109.5 பாகை அம்மோனியாவில் 107 ஆகவும் நீரில் 104.5 ஆகவும் குறைவது அதனால்தான்.

பின்சேர்க்கை: மின்சுமை கொண்ட அயனிக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். மின்சுமையைச் சொல்லாமல் விட்டது என் தவறு. இரண்டால் வகுக்கும் முன் நேர்மின்சுமையைக் கழிக்கவும், எதிர்மின்சுமையைக் கூட்டவும் வேண்டும். அம்மோனியம் அயனிக்கு ஐந்தும் நான்கும் ஒன்பது, அதில் ஒன்று போக எட்டு, பாதி 4. தனித்த இரட்டை இல்லாததால் அதுவே சரியான நான்முகி.